வெறும் புல் என்று ஒரு புல் கிடையாது

எங்கள் வீட்டில் யாரும் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடியாது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அப்படிச் சொன்னால் என் மனைவி விடமாட்டாள். நான் ஆபீசிலிருந்து வந்து சொன்னால் மகள் விடமாட்டாள். இந்தத் தொல்லையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டவர் கோவில்பட்டிப் பக்கத்து அம்மாள் ஒருவர். டெக்ஸஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில் என்னோடு வேலை பார்த்தார். இப்போது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், தங்கை குடும்பத்தோடு இருக்கிறார் என்று கேள்வி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

குட்டையான உருவம், கனத்த கண்ணாடி. ஆபீசுக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே காலணி, கணுக்கால் வரை கயிறு கட்டிய பூட்ஸ். பட்டுப்புடவைக்குக் கீழே அது எட்டிப் பார்ப்பது பற்றி டாலஸ் தமிழர்களிடையே பேச்சு உண்டு. அக்காவுக்கும் அது தெரியும். "பேசட்டும். கீழ பாக்கறாங்கல்ல, அதுவே பெரிசு" என்பார்.

எங்களுடையது நிலம் அளக்கிற கம்பெனி. ரோடு, பைப்லைன், ஏரி என்று எதைக் கேட்டாலும் அளந்து படமாகக் கொடுப்போம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அளவுகளைப் படமாக்குகிற ஆள். அக்கா போய் அளக்கிற ஆள். வருஷத்தில் பெரும்பகுதி இர்விங் ஆபீசில் இருப்பார். ஜூலை வந்தால் அலாஸ்காவின் வட கோடிக்குப் போய்விடுவார். அங்கே ஆர்க்டிக் கடலோரம் ஒரு துண்டுக் கரை அவர் பொறுப்பு. கடல் அதை வருஷா வருஷம் எவ்வளவு தின்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வார விடுமுறையில் டெக்ஸஸின் மறு மூலையிலிருக்கும் அமரில்லோ வரை காரில் போய் வந்தேன். திங்கட்கிழமை மதியம் பேன்ட்ரியில் அக்கா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ட்ரிப் எப்படி என்று கேட்டார்.

"வழியெல்லாம் ஒண்ணுமே இல்லக்கா. சும்மா தட்டையா கெடக்கு" என்றேன்.

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "எங்க இருந்து எங்க வரைக்கும் ஒண்ணுமில்ல?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மண்ணு என்ன கலர்?"

"சிவப்புக்கா."

"இங்க கருப்பு. எந்த ஊர்ல சிவப்பா மாறுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு பாலம் நினைவுக்கு வந்தது, அதன் கீழே ஓடிய செங்காவித் தண்ணீர் நினைவுக்கு வந்தது, அதற்கப்புறம் மரங்கள் குட்டையானது நினைவுக்கு வந்தது. லன்ச் முடிவதற்குள் நான் பார்த்ததே தெரியாத பலதை அவரிடம் ஒப்பித்திருந்தேன். "இவ்வளவு இருக்கு, ஒண்ணுமில்லங்கறீங்க" என்று டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. பேங்க்கில் குளறுபடி பண்ணி மாட்டிக்கொண்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தன் விஷயத்திலும் அவர் அப்படித்தான். எங்கள் குழுவில் ஒரு பெண் விவரம் தெரியாமல், "ஆன்ட்டி, அங்கிள் என்ன பண்றாங்க?" என்று கேட்டுவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்று பேச்சை மாற்றியிருப்பார்கள். அக்கா, "சேலத்துல இருக்கார். வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். நல்லா சமைப்பார். எனக்கு அவர் மேல கோவம் இருந்துச்சு, இப்ப பாதிதான் இருக்கு" என்றார். கேட்டவள் அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் பக்கம் வரவில்லை.

நண்பர் ஒருவர் ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கி கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார். எல்லோரும் உள்ளே கிரானைட் மேடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவைக் காணோம். தேடிப் போனால் பின்பக்கச் சுவரடியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தியிருக்கிறார். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்திருந்த வெடிப்பில் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

"இது கரிசல் தம்பி. எங்க ஊர் மண்ணும் இதுவும் ஒரே குணம். வெயில்ல சுருங்கும், மழைல உப்பும். வீட்டத் தூக்கித் தூக்கி வைக்கும்."

வீட்டுக்கார அம்மா தட்டில் கேசரியோடு வந்து நின்றார். "என்ன ஆன்ட்டி, கீழ ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்லம்மா, சுவத்துக்கு அடியில பள்ளம் இருக்கு. கோடை பூரா சுத்தியும் தண்ணி விடுங்க. இல்லன்னா ரெண்டு வருஷத்துல ஹால் சுவர் வாயப் பொளந்துரும்."

சாமி கும்பிட்ட ஈரம் காயாத வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா இது? அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கேசரியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த கோடையில் அந்த வீட்டைச் சுற்றி சொட்டுநீர்க் குழாய் ஓடியதையும் நான்தான் பார்த்தேன். அக்காவிடம் சொன்னபோது, "ரொம்பத் தண்ணி விட்டாலும் ஆபத்து, சொல்லுங்க" என்றார்.

குழந்தைகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் ரகம். வீட்டுக்கு வந்த அக்கா, "ஸ்கூல்ல இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

"நத்திங், ஆன்ட்டி."

"சரி, கிளாஸ்ல உன் காலுக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

மகள் யோசித்தாள். "கார்ப்பெட். அதுல ஒரு கம் ஒட்டியிருந்துச்சு" என்று பாதித் தமிழில் ஆரம்பித்தவள், அந்த சூயிங்கம் யாருடையது, அதற்காக யார் அழுதது, டீச்சர் என்ன சொன்னார் என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள். அடுக்களையில் நின்றிருந்த என் மனைவி கரண்டியோடு வந்து வாசலில் நின்று கேட்டாள். அன்றுதான் அந்தத் தொல்லை எங்கள் வீட்டில் குடியேறியது.

இப்படிப்பட்டவருக்கு உலகத்திலேயே பிடித்த இடம் எது என்றால், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒண்ணுமே இல்லை என்று சொல்கிற அந்த வட கரைதான். அங்கே மரம் கிடையாது. மலை கண்ணுக்கு எட்டாது. வேறு இடங்களில் மரமாக நிற்கும் வில்லோ அங்கே தரையோடு படர்ந்து கணுக்காலுக்கு மேலே எழும்பப் பயந்து கிடக்கும். பனி உருகிய தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, ஆயிரக்கணக்கில் ஏரிகள். எல்லாம் ஒரே பக்கமாக நீண்டிருக்கும். சீப்பால் வாரிவிட்ட மாதிரி என்பார் அக்கா. ஒரு சாண் புல்லுக்கும் சேற்றுக்கும் கீழே, கோடையிலும் உருகாத உறைமண். அது குளிரில் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி உறைந்து, தரை முழுவதும் பாத்தி கட்டியது போலக் கட்டம் கட்டமாக இருக்கும். "கோவில்பட்டில சித்திரை மாசம் கரிசல் வெடிச்சுக் கிடக்குமே, அதே கட்டம்தான். என்ன, அங்க ஒரு கட்டத்துக்குள்ள நம்ம வீட்டையே வைக்கலாம்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் சொந்தக்காரர் வீட்டைப் பற்றிப் பேசுகிற பெருமை இருக்கும்.

அந்தத் துண்டுக் கரையில் ஊர் இல்லை, எண்ணெய்க் கிணறு இல்லை, விமானம் இறங்கும் தளம் இல்லை. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் மீட்டிங்கில் மேனேஜர் கேட்பார், அங்கே என்னதான் இருக்கிறது, விட்டுவிடலாமே என்று. அக்கா எழுந்து நின்று ஆரம்பிப்பார். வாத்துகள் எங்கே முட்டை வைக்கும், கொசுக்கடி தாங்காமல் மான்கூட்டம் எப்படிக் கடற்காற்றுக்கு ஓடிவரும், மரமே இல்லாத கரையில் எந்த ஆறு எங்கிருந்து அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கும் என்று அரை மணி நேரம். மேனேஜர் பணம் ஒதுக்கியது அதைக் கேட்டு மனம் மாறியா, அக்கா உட்கார்ந்தால் போதும் என்றா, எனக்கு இன்றுவரை சந்தேகம். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அளவு வருஷா வருஷம் விடாமல் இருந்தால்தான் பணம் வரும்.

"ஒரு வருஷம் விட்டுப்போச்சுன்னா அவ்வளவுதான் தம்பி. கோடு அறுந்துரும். அப்புறம் அந்தப் பக்கம் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்பார் அக்கா. அவருக்கு வேறு எந்தப் பயமும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இந்தப் பயம் மட்டும் வருஷம் முழுக்க இருந்தது.

ஒரு கோடையில் நானும் போனேன். புதிதாக வாங்கிய ட்ரோன் அந்தக் குளிரில் அடம்பிடித்தது, சாப்ட்வேர் ஆள் ஒருவர் கூட வேண்டும் என்று அனுப்பினார்கள். விமானம், சின்ன விமானம், ஹெலிகாப்டர் என்று மாறி மாறிப் போய், ஓர் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு ஆரஞ்சுக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் இறங்கினோம். எங்களோடு அந்தக் கரையின் பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர், கரடி வந்தால் விரட்டுவதற்குத் துப்பாக்கியோடு. மொத்தம் நாங்கள் மூன்று பேர். ஜூலை மாதத்தில் மூச்சு புகையாக வந்தது. கடலில் பனிப்பாளங்கள் மிதந்தன. சூரியன் மறைவேனா என்று சுற்றிச் சுற்றி வந்தது.

நான் கீழக்கரைக்காரன். கீழக்கரையில் பிறந்தவனுக்குத் தொழுகிற திசை, கிப்லா, மேற்கு. மேற்கு என்ற வார்த்தையே எனக்குப் பள்ளிவாசலைப் பார்த்துத்தான் அறிமுகம். இர்விங் வந்து வடகிழக்கு என்று மாற்றிக்கொள்ளவே ரொம்ப நாளாயிற்று. இந்த வட கரையில் போனில் பார்த்தால் நேர் வடக்கு, அதாவது கடலைக் காட்டியது. போன் கெட்டுவிட்டது என்றேன். அக்கா காலைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து அவித்த முட்டையை எடுத்து, கெட்சப்பால் இரண்டு புள்ளி வைத்தார்.

"இது நாம. மக்கா முட்டையோட அந்தப் பக்கம் இருக்கு. எறும்பு ஒண்ணு இங்க இருந்து கெளம்பினா எது குறுக்கு வழி? உச்சியில ஏறி அந்தப் பக்கம் எறங்கறதுதான். உங்க போன் சரியாத்தான் சொல்லுது."

மண்டைக்குப் புரிந்தது. முட்டையை அவரே சாப்பிட்டுவிட்டார்.

கூடாரத்துக்குக் கிழக்கே ஒரு மேடு உண்டு. வயிற்றுக்குள் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு உப்பியிருக்கும் மண்மேடு. அந்தத் தட்டையான உலகத்தில் காற்றுக்கு ஒதுங்க அது ஒன்றுதான். ஒருநாள் பிற்பகல் அஸர் தொழ அங்கே போனேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் போகாதே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இரு என்று துப்பாக்கிக்காரர் சொல்லியிருந்தார். தொழுவதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மனம் ஒட்டாது. மேட்டுக்குப் பின்னால், கிழக்குச் சரிவில் முஸல்லாவை, தொழுகை விரிப்பை, விரித்தேன். இடுப்பில் ரேடியோ மட்டும் இருந்தது. போனும் திசை காட்டும் கருவியும் கூடாரத்தில்.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துத் தலையைத் திருப்பினால் மேடு இல்லை. கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடியிருந்தது. என் கைவிரல்கள் தெரிந்தன, விரிப்பு தெரிந்தது. தூரத்தில் எனக்காகக் கூடாரத்தில் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது, ஆனால் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

நான் பதறவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கூடாரம் மேட்டுக்கு மேற்கே இருக்கிறது. விரிப்பு கிப்லாவைப் பார்த்திருக்கிறது. கிப்லா மேற்கு. ஆகவே விரிப்பு பார்த்த திசையில் நேரே நடந்தால் கூடாரம். விரிப்பைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். முட்டை, எறும்பு எதுவும் ஞாபகத்தில் இல்லை. நாற்பது வருஷ உடம்புதான் நடந்தது. வடக்கே, கடலைப் பார்த்து.

கொஞ்ச தூரம் போனதும் ரேடியோவில் அக்கா வந்தார். "தம்பி, எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டிருக்கேன்க்கா. ஒண்ணுமே தெரியல."

"கண்ணுக்குத் தெரியலைன்னா கீழ பாருங்க. காலடியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் புல்லு."

"வெறும் புல்லுன்னு ஒரு புல்லு கெடையாது. ஈரமா, காய்ஞ்சிருக்கா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. வழி தெரியாமல் நிற்கிறவனிடம் பாடம் கேட்கிறார். "காய்ஞ்சிருக்கு."

"பஞ்சு மாதிரி வெள்ளப் பூ இருக்கா?"

"முன்னாடி நிறைய இருந்துச்சு. இப்ப இல்ல."

"கட்டத்துக்குக் கட்டம் நடுவுல வாய்க்கால் மாதிரி பள்ளம் வருமே. எவ்வளவு ஆழம்?"

"முதல்ல சும்மா தாண்டினேன். இப்ப முழங்கால் வரைக்கும் எறங்குது."

ரேடியோ கரகரத்தது. பிறகு அவர் குரல் வந்தது, மிக மெதுவாக. "நில்லுங்க. அடுத்த அடி வைக்காதீங்க. அப்படியே உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இப்ப பேசாதீங்க. என்ன சத்தம் கேக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு தண்ணீர் சளக் சளக் என்று அடிக்கிற சத்தம். முன்னாலிருந்து வருகிறது என்று நினைத்தேன். குனிந்து காதைக் கொடுத்தேன். எனக்குக் கீழேயிருந்து வந்தது. நான் உட்கார்ந்திருந்த புல்லுக்கு அடியிலிருந்து. ரேடியோவை விட்டுவிட்டு இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி?"

"கீழக்கா. எனக்குக் கீழ."

"சரி. எந்திரிக்காதீங்க. திரும்பாதீங்க. உக்காந்தபடியே பின்னாடி தேய்ச்சுக்கிட்டு வாங்க. பஞ்சுப் பூ வர்ற வரைக்கும், துணி நனையற வரைக்கும், எந்திரிக்கவே கூடாது."

கலிமா சொல்லிக்கொண்டே தேய்த்துத் தேய்த்துப் பின்னால் வந்தேன். கரை விளிம்பில்தான் தண்ணீர் வடிந்து புல் காயும், பள்ளம் ஆழமாகும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கால்சட்டை நனைய வேண்டும். நனைந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூ தலையாட்டியது. அதைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"பூ வந்துருச்சுக்கா."

"காத்து எந்தக் கன்னத்துல அடிக்குது?"

"வலது."

"அத முதுகுல வாங்கிக்கிட்டு நடங்க. முதுகுல இருந்து மாறுச்சுன்னா நில்லுங்க. பேசிக்கிட்டே வாங்க. பாக்கறத எல்லாம் சொல்லிக்கிட்டே வாங்க."

சொன்னேன். ஈரப் புல், காய்ந்த எலும்பு ஒன்று, ஒரு குட்டை, அதில் மிதந்த இறகு, வாத்துப் பீ என்று பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. கடைசியில் ஆரஞ்சு நிறமாக ஏதோ தெரிந்தது. வாசலில் அக்கா நின்றிருந்தார், கையில் ரேடியோவோடு. "தொழுதாச்சா?" என்று கேட்டார். டீ கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை ரேடியோவைக் கீழே வைக்கவில்லை.

மூட்டம் விலகியதும் மூவரும் போய்ப் பார்த்தோம். அந்தக் கரை வீட்டு உயரம் இருக்கும். கடல், அதன் அடியிலிருக்கும் பனிக்கட்டியைக் கரைத்துக் குகை போலக் குடைந்துவிடும். மேலே புல் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், ஒருநாள் துண்டாக விழும். என் கால்சட்டை தேய்ந்த தடம் அந்தக் கூரையின் மேல் ஆரம்பித்தது. கரையில் யாரும் தனியே போகக் கூடாது என்று அக்கா அன்றே ஆபீசுக்குத் தகவல் சொல்லி விதியாக்கிவிட்டார். எங்கே தவறினேன் என்று என்னிடம் கேட்டார், சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "மேற்கத் தேடிப் போயிருக்கீங்க. பாவம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாட்டிலைட் போனில் மனைவி, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, குளிர்தான்" என்றேன்.

அடுத்த வருஷம் வசந்தத்தில் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். அந்தக் கோடை போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற சர்வேயர்கள் எல்லோரும் பைப்லைன் வேலைகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். நீ போனால் அளப்போம், இல்லையென்றால் அந்தத் துண்டைக் கைவிடுகிறோம் என்றார் மேனேஜர். பயம் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் அந்த ஏரிகள் வந்தன. போகிறேன், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் மனைவிக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில், செப்டம்பரில் பிரசவம்.

"அக்காவக் கூப்பிடுங்க. அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நெய்ச்சோறும் கோழி ஆணமும் செய்தாள். அக்கா கைத்தடியோடு வந்தார். காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கரையைப் பற்றி மனைவி கேட்கக் கேட்க உற்சாகமாகச் சொன்னார். மனைவியும் நன்றாகத்தான் கேட்டாள். வாத்துகள் வரை வந்தபோது எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அக்காவின் கண்ணிலும் அது தெரிந்தது.

அப்போது மனைவி சொன்னாள், "எனக்குப் புடிச்சிருக்குக்கா. இவங்க போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லிருங்க, அங்க பயப்பட ஒண்ணும் இல்லையே?"

நான் மேசைக்கு அடியில் அக்காவின் பூட்ஸை லேசாக மிதித்தேன். ஒரு தலையசைப்பு போதும். அவருடைய இத்தனை வருஷத்துக் கோடு அறுந்துபோகாது.

அக்கா கையைத் தட்டில் வைத்தார். "இருக்கும்மா" என்றார்.

கரடியைச் சொன்னார். சொல்லாமல் வருகிற மூட்டத்தைச் சொன்னார். "கரை விளிம்பு அடியில குடைஞ்சிருக்கும். மேல இருந்து பாத்தா வெறும் புல்லுத் தரை மாதிரி தெரியும். போன வருஷம் இவர் அதுக்கு மேல போய் நின்னுட்டார்."

மனைவி என்னைப் பார்த்தாள். "குளிருதுன்னுதான சொன்னீங்க?"

நான் எலும்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒன்றையும் விடவில்லை. விரிப்பு, மேற்கு, பஞ்சுப் பூ, தண்ணீர்ச் சத்தம் எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னார். மேற்கு என்று நினைத்து நடந்ததைக் கேட்டபோது மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் கீழக்கரைதான். "யா அல்லாஹ், நானா இருந்தாலும் அப்படித்தான் நடந்திருப்பேன்" என்றாள். பிறகு அக்காவிடம் கேட்டாள்.

"ரேடியோல நீங்க இல்லைன்னா?"

"விழுந்திருப்பார்."

"இந்தத் தடவ நீங்க அங்க இருப்பீங்களா?"

"இல்லம்மா. முட்டி விடாது."

"அப்ப வேண்டாம்க்கா."

"சரிம்மா."

"தப்பா நெனச்சுக்காதீங்க."

"தப்பா நெனைக்க என்ன இருக்கு? கேக்க வேண்டியதக் கேட்டீங்க" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்டார். மனைவி எழுந்து வந்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு அவர் தோளில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். என்னோடு அவள் மறுபடி பேச வியாழக்கிழமை ஆயிற்று.

அக்காவை வீட்டில் விடக் காரில் கூட்டிப் போனேன். ஃப்ரீவேயில் ஏறியதும் அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு வார்த்தைதான்க்கா. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் போய் அளந்துட்டு வந்திருப்பேன். ஜாக்கிரதையா இருந்திருப்பேன்ல?"

"இருந்திருப்பீங்க" என்றார். வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு சத்தத்தக் கேளுங்கன்னு சொன்னேன்ல. நீங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. போய்ட்டீங்கன்னு நெனச்சேன். உங்க வீட்ல போய் என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல தம்பி. ஒரு வார்த்த வரல. எனக்குப் பேச வராமப் போனது அன்னிக்குத்தான்."

நான் வேகத்தைக் குறைத்து ஓரப் பாதைக்கு மாறினேன்.

"இன்னிக்கு அவங்க கேட்டாங்க. எல்லாம் வந்துச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து கோழிய கடிச்சுக்கிட்டு இருக்கீங்க. அப்ப சொல்றது எவ்வளவு சுலபமா இருந்துச்சு தெரியுமா?"

"அப்ப கரை?"

"அது விழும். நாம பாத்தாலும் விழும், பாக்காட்டியும் விழும்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "நான் பாக்காம விழப்போகுதேன்னுதான் இருக்கு" என்று சொல்லி அழுதார். மறைக்கவில்லை, துடைக்கவும் இல்லை. அந்தத் துண்டுக் கரையின் அளவு முந்தைய வருஷத்தோடு நின்றது. அதற்கப்புறம் அவரும் அங்கே போகவில்லை.

அபார்ட்மென்ட் வாசலில் இறங்கியவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு கார் ஜன்னலில் குனிந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. "பிள்ள பொறந்ததும் போன் பண்ணுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லி வச்சிராதீங்க, எப்படி இருக்குன்னு சொல்லணும்" என்றார்.

செப்டம்பரில் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அக்காவுக்கு போன் செய்தேன். அவனுக்கு இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருந்தது. அதிலிருந்து ஆரம்பித்தேன்.